நடைக்குறிப்பு

ஹான்காக் பாலம் தாண்டிப் பதினாறு மைல்.
பனி வாரும் வண்டிக்குப் பின்னால்
ஊர்ந்துதான் போகணும், முந்த வழியில்லை.
பின்சீட்டில் என் ஆஸ்பத்திரி:
நோயாளி இடுப்பில் கட்டும் பெல்ட்,
மூன்று நிற ரப்பர் பட்டை,
மூட்டு மடங்கும் கோணம் பார்க்க ஒரு பிளாஸ்டிக் அளவி,
எனக்கு மாற்றிக்கொள்ள உலர்ந்த சாக்ஸ்.

ரெய்னோ சால்மெலா, எழுபத்தெட்டு.
மரலாரி ஓட்டியவர்.
நவம்பரில் தபால்பெட்டிவரை போனவர்
இடுப்பெலும்பு முறிந்து ஆம்புலன்ஸில் திரும்பினார்.
இன்ஷூரன்ஸ் அளந்து கொடுத்தது ஒன்பது வருகை.
திட்டம் போடுவது தெரபிஸ்ட் லிண்டா.
நான் உதவியாளர்.
அவள் கிழித்த கோட்டில்
ஆளை நடத்திக் காட்டுவது என் பாடு.

"மூக்கு கால்விரலுக்கு நேரே வரட்டும்,
அப்புறம் எழுந்திருங்க."
"என் மூக்கு என்னைவிட முன்னாலேயே போய்ச் சேர்ந்துடும்."
எழுந்தார். ஒவ்வொரு முறையும்
இதையேதான் சொல்லிக்கொண்டு எழுந்தார்.

வலது கால் தாராளமாக விழும்.
இடது கால் பாதியில் நின்று யோசிக்கும்.
நடையில் தளை தட்டியது.
மரத்தரையில் அதைக் காதாலேயே கேட்கலாம்,
டக். ட.
டக். ட.

ஏழாவது வருகையன்று
படியேறுமுன்பே பனி கோள்மூட்டிவிட்டது.
இரண்டு சக்கரக் கோடு, நடுவே பூட்ஸ் தடம்,
சமையலறைக் கதவிலிருந்து கராஜ்வரை.
திரும்பி வந்த தடம் பக்கத்திலேயே.

"தபால்காரன் வந்தான்" என்றார், நான் கேட்காமலே.
தபால்காரனுக்கு வாக்கர் எதற்கு என்று
நானும் கேட்கவில்லை.

வெளியே போவதே பெரும்பாடு என்றிருப்பவருக்குத்தான்
நான் வீடு தேடி வரலாம்.
தேறிவிட்டால் கிடையாது.
வேலையை ஒழுங்காகச் செய்தால்
அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை.

பையை எடுத்து வருகிறேன் என்று வெளியே போய்
குனிந்து டேப் வைத்துப் பார்த்தேன்.
வலம் பதினாறு அங்குலம்.
இடம் பதினைந்தரை.
ஆறு வருகையாக நான் கெஞ்சியது இதைத்தான்.
ஆள் பார்க்காத நேரத்தில்
பனிக்குக் கொடுத்திருக்கிறார் மனுஷர்.

கராஜில் ஒரு நீல ப்யூக், வெர்னாவுடையது.
செப்டம்பரிலிருந்து அவள் காலுமெட்டில்,
ஞாபகம் உதிர்கிறவர்களுக்கான விடுதியில்.
"ராத்திரி போன் பண்ணுவா.
என் பேரைக் கேக்கறதில்லை.
வண்டி கிளம்புதான்னு கேப்பா.
எனக்குப் பொய் வராது."

காரில் ஏறுவது திட்டத்தில் இல்லை.
லிண்டாவுக்கு போன் அடித்தேன்.
எதையோ மென்றபடி "சேர்த்துக்கோ" என்றாள்.

கராஜ் கதவை முழுக்கத் தூக்கவைத்தேன்,
அதில் மட்டும் நான் கறார்.
முதலில் உட்காரணும், பிறகு கால் ஒவ்வொன்றாக.
இரண்டாம் முயற்சியில் சரியாக வந்தது.
நான் பக்கத்து சீட்டில்.
இன்ஜின் இருமிப் பிடித்துக்கொண்டது.
வைப்பர் ஒன்று மட்டும் காரணமில்லாமல் ஆடியது.
பத்து நிமிஷம்
எங்கேயும் போகாமல் போனோம்.
அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து
சுவரில் தொங்கிய மண்வெட்டியையே
பாதையைப் பார்ப்பதுபோல் பார்த்திருந்தார்.
நாற்பத்தைந்து நிமிஷத்தில் இந்தப் பத்தை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

பிறகு என் காரில் உட்கார்ந்து
டேப்லெட்டில் தட்டினேன்:
எழுபது அடி, சமமற்ற தரை, கைத்துணை தேவையில்லை.
தூரமும் அடிதான், காலடியும் அடிதான்,
நவம்பரில் அவர் வாங்கியதும் அடிதான்.
படிவம் எண்ணை மட்டும் கேட்கிறது.

லிண்டா கையெழுத்துப் போடுவாள்.
மீதி இரண்டு வருகையை
கொடுத்தவர்களே எடுத்துக்கொள்வார்கள்.
அடுத்தது பதினொன்றரைக்கு,
ஒரு தோள்பட்டை, ஒரு கடிநாய்.

ரிவர்ஸ் எடுக்கையில்
கண்ணாடியில் அந்தத் தடங்கள்.
டயர் ஏறாமலிருக்க ஸ்டீயரிங்கை ஒடித்து
பனிமேட்டில் போய் முட்டினேன்.
ராத்திரி எட்டு அங்குலம் கொட்டும் என்று
காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.